ஆறு லேசர், ஒரே சிப்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், கோட்டக்குப்பமும் முதலியார்சாவடிகளும் தாண்டியதும் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்து மீனவ ஊர். கிழக்கே கடல், மேற்கே ஆரோவில்லை நோக்கி ஏறும் செம்மண் மேடு. இங்கே ஃபைபர் இணைப்பு எடுத்த வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மோடம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சாலையோரம் எங்காவது ஜேசிபி பள்ளம் தோண்டிக் கேபிளை அறுத்துவிட்டால், அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். "நெட் போச்சு, ரெட் லைட் எரியுது" என்று உடனே ஃபோன் போகும்.

அந்தப் பெட்டிக்கு வருவது ஒரே ஒரு கண்ணாடி இழை. ஆனால் அதற்குள் இரண்டு ஒளிகள் எதிரெதிராக ஓடுகின்றன. வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. வீட்டிலிருந்து போவது 1310. இரண்டுமே அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாதவை. ஆனாலும் அலைநீளம் வேறு என்பதை நிறம் வேறு என்று சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம். நிறம் வேறாக இருப்பதால் ஒரே இழைக்குள் இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாமல் போய்வருகின்றன. வீட்டு இணைப்பில் இரண்டு நிறம். சென்னைக் கரையில் ஏறும் கடலடிக் கேபிளில் ஓர் இழைக்கு நூறு நிறத்துக்கு மேல். இத்தனை நிறங்களும் எங்கிருந்து பிறக்கின்றன, அவற்றை உண்டாக்கும் லேசர்கள் தனித்தனியாக இருந்து ஒரே சிப்புக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் இந்தக் கதை.

அதற்கு முன், அறுந்த கேபிளை ஒட்ட வருபவரின் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கறுப்பு உறையை உரித்து, உள்ளே இருக்கும் ஜெல்லியைத் துடைத்து, நீலம், ஆரஞ்சு, பச்சை என்று சாயம் பூசிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். ஸ்ட்ரிப்பரால் ஓர் இழையின் மேல்பூச்சை உருவி எடுக்கிறார். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, கிளீவரில் வைத்து அழுத்த, நுனி சீராக வெட்டுப்படுகிறது. இரண்டு நுனிகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிரே வைத்து மூடியதும், சின்னத் திரையில் அவை பெரிதாகத் தெரிகின்றன. மெஷின் தானே மேலும் கீழுமாக நகர்த்தி நேர் பார்க்கிறது. ஒரு மின்பொறி. கண்ணாடி உருகி ஒன்றாகிவிட்டது. எவ்வளவு ஒளி வீணாகிறது என்ற எண் திரையில் வருகிறது. எண் திருப்தியாக இல்லாவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

இத்தனை பாடு எதற்காக? இழையின் தடிமன் 125 மைக்ரான். அதன் நடுவே ஒளி ஓடும் பாதை சுமார் 9 மைக்ரான்தான். இந்த 9 மைக்ரானும் அந்த 9 மைக்ரானும் நேர்கோட்டில் நின்றாக வேண்டும். லேசர் தொழிற்சாலையிலும் இதே பாடுதான். லேசரிலிருந்து வரும் ஒளியை இழையின் 9 மைக்ரான் வாய்க்குள் சரியாக இறக்க வேண்டும், அசையாமல் பொருத்த வேண்டும், காற்றுப் புகாத உலோகப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். லேசர் சிப்பைவிட இந்தப் பெட்டி வேலைக்குத்தான் செலவு அதிகம். நூறு நிறம் வேண்டுமென்றால் நூறு பெட்டி, நூறு முறை நேர் பார்த்தல். லேசர்களை வரிசையாக ஒரே சிப்பில் வைத்துவிட்டால் என்ன என்ற எண்ணத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

குறைகடத்தி லேசர் பிறந்தது 1962 இலையுதிர் காலத்தில். அமெரிக்காவில் ஒரு சில வாரங்களுக்குள் நான்கு குழுக்கள் அதைச் செய்து காட்டின. முதலில் ஒளி கண்டவர், ஷெனெக்டடி நகரத்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் ஹால். கேலியம் ஆர்சனைடு படிகத்தில் ஒரு சின்னத் துண்டு. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்கு 196 டிகிரி கீழே முக்கி வைத்து, விட்டுவிட்டு மின்சாரம் பாய்ச்சினால்தான் அது லேசராக எரிந்தது. சாதாரண அறைச்சூட்டில் தொடர்ந்து எரிய வைக்க எட்டு ஆண்டு ஆயிற்று. வெவ்வேறு குறைகடத்திகளை அடுக்கடுக்காக வைத்து, நடு அடுக்குக்குள் மின்னணுக்களைச் சிறைப்படுத்தலாம் என்று ஹெர்பர்ட் க்ரோமர் 1963-லேயே சொல்லியிருந்தார். அந்த வழியில் அறைச்சூட்டில் லேசரை எரிய வைத்தவர்கள் லெனின்கிராடில் அல்ஃபியோரவ் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹயாஷியும் பேனிஷும். இரண்டு இடத்திலும் வெற்றி வந்த ஆண்டு 1970.

அதே 1970-ல்தான் கார்னிங் நிறுவனத்தார் ஒரு கிலோமீட்டருக்கு 17 டெசிபெல் மட்டுமே இழக்கும் கண்ணாடி இழையைச் செய்தார்கள். ஒரு கிலோமீட்டர் போனால் நூறில் இரண்டு பங்கு ஒளி மிஞ்சும் என்று அதற்கு அர்த்தம். இன்றைய கணக்கில் அது மிகவும் மோசம். இப்போதைய இழையில் 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி மிஞ்சுகிறது. ஆனால் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கினால் தொலைபேசிக்கு உதவும் என்று சார்லஸ் காவ் 1966-ல் எழுதியபோது, நம்பியவர்கள் சிலரே. நான்கே ஆண்டில் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். விளக்கும் வழியும் ஒரே ஆண்டில் கைக்கு வந்தன.

இந்தியா இந்தக் கதையில் பிந்தி வந்த நாடு அல்ல. 1960-களின் நடுவிலேயே மும்பை டிராம்பே அணுசக்தி ஆய்வகத்தில் கேலியம் ஆர்சனைடு லேசரைச் செய்தார்கள். அதன் ஒளியைக் கொண்டு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துடன் காற்றுவழியாகவே தகவல் தொடர்பும் நடத்திக் காட்டினார்கள். நம் பாடப்புத்தகங்களில் இது ஒரு வரியாவது வர வேண்டும்.

இனி வரிசை லேசருக்கு வருவோம். ஒரு லேசரின் நிறத்தை யார் தீர்மானிப்பது? படிகம் ஓரளவுக்குத்தான் தீர்மானிக்கிறது. அதை மட்டும் நம்பினால் பல நிறங்கள் நெருக்கமாகக் கலந்து வரும். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் கோகெல்னிக்கும் ஷாங்கும் ஒரு வழி சொன்னார்கள். ஒளி ஓடும் பாதையை ஒட்டி, சீப்பின் பற்களைப் போல நுண்ணிய மேடுபள்ளங்களைச் சீரான இடைவெளியில் செதுக்கிவிட்டால், அந்த இடைவெளிக்குப் பொருந்தும் ஒரே நிறம்தான் திரும்பத் திரும்பப் பிரதிபலித்து வலுப்பெறும். மற்றவை அடங்கிவிடும்.

சீப்பின் இடைவெளியே நிறம் என்றால், பக்கத்துப் பக்கத்தில் வெவ்வேறு இடைவெளியில் சீப்புகளைச் செதுக்கினால் வெவ்வேறு நிற லேசர்கள் ஒரே துண்டில் கிடைக்குமே? கிடைக்கும் என்று 1976-ல் காட்டியவர்கள் ஜப்பானின் ஹிட்டாச்சி மத்திய ஆய்வகத்து ஐகி, நாகமுரா, உமேதா மூவரும். ஒரே கேலியம் ஆர்சனைடு சிப்பில் ஆறு லேசர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நிறத்தில் 2 நானோமீட்டர் வித்தியாசம். பல நிறங்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் விளக்கு இது என்று கட்டுரையின் தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள். நான் இதைத்தான் பிறந்த நாளாகக் கொள்கிறேன். இன்றைய சிப்பில் இருக்கும் முக்கிய எண்ணம் அத்தனையும் அந்த ஆறு லேசரில் இருந்தது.

ஆனால் வேலை கொடுக்க யாரும் இல்லை. 1976-ல் ஒரு நிறத்தையே உருப்படியாக அனுப்பப் பழகிக்கொண்டிருந்தார்கள். பெரிய தடை இன்னொன்று. தூரம் போகப் போக ஒளி மங்கும். மங்கிய ஒளியை மின்சாரமாக மாற்றிச் சீர்செய்து, மறுபடியும் லேசரை எரியவிட்டு அனுப்பும் நிலையங்கள் வழிநெடுக வேண்டும். 1988-ல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கண்ணாடி இழைக் கேபிளான டாட்-8 இப்படித்தான் வேலை செய்தது. ஆறு நிறம் அனுப்பினால் ஒவ்வொரு நிலையத்திலும் ஆறையும் பிரித்து, ஆறு கருவிகளில் சீர்செய்து, மறுபடி சேர்க்க வேண்டும். அதற்கு ஆறு இழை போட்டுவிட்டுப் போகலாம்.

இந்த முடிச்சை அவிழ்த்தது எர்பியம் என்ற அருமண் தனிமம். 1987-ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழுவும், பெல் ஆய்வகத்தில் டெசர்வீரின் குழுவும் எர்பியம் கலந்த கண்ணாடி இழை, ஒளியை ஒளியாகவே பெருக்கித் தருகிறது என்று காட்டினார்கள். 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை எத்தனை நிறம் வந்தாலும் சரி, பிரிக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பெருக்கிவிடும். கண்ணாடி இழை மிகக் குறைவாக ஒளியை இழப்பதும் அதே பகுதியில்தான். அந்தப் பகுதியில் எரியும் லேசருக்கு, இண்டியம் பாஸ்பைடு மேல் இண்டியம், கேலியம், ஆர்சனிக், பாஸ்பரஸ் நான்கையும் கலந்து வளர்த்த படிகம் வேண்டும். அதற்கான வழியை மாசசூசெட்ஸ் லிங்கன் ஆய்வகத்தின் ஜிம் ஷே அதே 1976-ல் திறந்து வைத்திருந்தார். எர்பியம் வந்த பிறகு பல நிறங்களை அனுப்புவது லாபமான தொழிலாயிற்று. 1996-ல் அமெரிக்காவின் சியானா நிறுவனம் ஓர் இழையில் 16 நிறம் அனுப்பும் கருவியை விற்றது.

சென்னை ஐஐடியில் படித்த ராஜீவ் ராமசுவாமியும் குமார் சிவராஜனும் சேர்ந்து எழுதிய 'ஆப்டிகல் நெட்வொர்க்ஸ்' 1998-ல் வந்தது. பல நிற ஒளியைக் கொண்டு ஊர்களை இணைக்கும் வலைப்பின்னலை எப்படிக் கட்டுவது என்று உலகெங்கும் மாணவர்கள் அதிலிருந்து கற்றார்கள். குமார் சிவராஜன் 2000-ல் பெங்களூருவில் தேஜஸ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

சென்னைக் கரைக்கு 1981-லேயே பினாங்கிலிருந்து செம்புக் கேபிள் வந்திருந்தது. கண்ணாடி இழையில் பெரிய மாற்றம் 2002-ல். பாரதி, சிங்டெல் நிறுவனங்கள் சேர்ந்து சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,200 கிலோமீட்டர் போட்ட ஐ2ஐ கேபிளில் எட்டு இழை இணைகள். இணைக்கு 105 நிறம். நிறத்துக்கு நொடிக்கு 10 ஜிகாபிட். பெருக்கினால் 8.4 டெராபிட். முழுத் திறனுக்கு ஓட்டினால் சென்னைப் பக்கம் மட்டும் 840 லேசர்கள் எரிய வேண்டும். 2004-ல் டாடாவின் கேபிளும் அதே சிங்கப்பூருக்குப் போனது. எட்டு இணை, 64 நிறம், 5.12 டெராபிட்.

பொம்மையார்பாளையத்துக் கரையில் எந்தக் கேபிளும் ஏறவில்லை. ஆனால் இங்கிருந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு வீடியோ கால் போட்டால், அது பெரும்பாலும் சென்னைக்குப் போய்க் கடலில் இறங்கித்தான் ஆக வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கேபிள் போய்ச் சேரும்வரை, அந்தமான் தமிழர்கள் செயற்கைக்கோள் வழியாகத் திக்கித் திக்கித்தான் இணையம் பார்த்தார்கள். கடலடியில் போய்ச் சேர்ந்த இழையின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

840 லேசர், 840 பெட்டி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கார்டு. பழுதானால் மாற்ற ஒவ்வொரு நிறத்திலும் உதிரி வேறு. இந்தத் தொல்லைக்கு 2000-க்குப் பிறகு இரண்டு விடைகள் வந்தன. கலிபோர்னியாவின் சாந்தூர் நிறுவனம், 12 லேசர்களை ஒரே சிப்பில் வரிசையாக வைத்தது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரியும். எது எரிகிறதோ அதன் ஒளியை, அசையும் நுண்கண்ணாடி ஒன்று இழைக்குள் திருப்பிவிடும். எந்த நிறத்துக்கும் ஒரே உதிரி கார்டு போதும். நல்ல யோசனை. ஆனால் பெட்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை.

இன்னொரு விடை துணிச்சலானது. எல்லா லேசரையும் ஒரே நேரத்தில் எரியவிட வேண்டும். இதை ஏன் யாரும் விரும்பவில்லை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நூறு லேசர் செய்தால் தொண்ணூறு நன்றாக வரும் என்று வைத்துக்கொள்வோம். பத்து லேசரை ஒரே சிப்பில் சேர்த்தால், பத்தும் நன்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 35-தான். மூன்றில் இரண்டு சிப் குப்பைக்குப் போகும். அதைத் தாங்க வேண்டுமானால், ஒவ்வொரு லேசரும் நூற்றுக்கு 99 தேற வேண்டும். அப்போதும் பத்தில் ஒரு சிப் வீண்தான். லேசருக்குப் பக்கத்தில் ஒளியை அணைத்து ஏற்றும் பகுதி, அளவு பார்க்கும் பகுதி, பத்து நிறங்களையும் சேர்க்கும் பகுதி எல்லாம் ஒரே படிகத்தில் வர வேண்டும் என்றால் கணக்கு இன்னும் கடினமாகும்.

கலிபோர்னியாவின் இன்ஃபினெரா நிறுவனம் 2004-ல் அதைச் செய்து சந்தைக்கே கொண்டுவந்தது. பத்து லேசர், லேசருக்கு 10 ஜிகாபிட், ஒரே இண்டியம் பாஸ்பைடு சிப்பிலிருந்து 100 ஜிகாபிட். ஐம்பதுக்கு மேற்பட்ட உறுப்புகள் ஒரே சிப்பில். வெளியே வருவது ஒரே இழை. நேர் பார்ப்பது ஒரே ஒரு முறை. அந்தச் சிப்பைப் பற்றி 2005-ல் வந்த விரிவான கட்டுரையின் முதல் பெயர் ராதாகிருஷ்ணன் நாகராஜன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இளநிலை, டோக்கியோவில் முதுநிலை, க்ரோமர் பேராசிரியராக இருந்த சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஹிட்டாச்சியின் ஆறு லேசருக்கு 28 ஆண்டு கழித்து முழுநேர வேலை கிடைத்தது.

அந்தச் சிப்புக்குள் நடக்கும் வேலையின் நுணுக்கத்தை எண்ணில் பார்த்தால்தான் புரியும். 1550 நானோமீட்டர் ஒளிக்குச் சீப்பின் பற்கள் சுமார் 240 நானோமீட்டர் இடைவெளியில் இருக்க வேண்டும். அடுத்த லேசரின் நிறம் 1.6 நானோமீட்டர் தள்ளி வேண்டுமென்றால், பல் இடைவெளியில் கால் நானோமீட்டர் மாற்றினால் போதும். இண்டியம் பாஸ்பைடு படிகத்தில் அணுக்கூட்டின் ஒரு கட்டமே 0.59 நானோமீட்டர். அதில் பாதிகூட இல்லாத வித்தியாசத்தை எப்படிச் செதுக்குவது? ஒரு தனிப் பல்லை அவ்வளவு துல்லியமாக வெட்ட முடியாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பற்களின் சராசரிதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. மின்னணுக் கற்றையால் எழுதும்போது அந்தச் சராசரியைத் தவறாமல் பிடிக்கலாம்.

செதுக்கி முடித்தாலும் வெப்பம் விடாது. ஒரு டிகிரி சூடு ஏறினால் நிறம் 0.1 நானோமீட்டர் நகரும். கடலடிக் கேபிள்களில் நிறங்களுக்கிடையே 0.8 நானோமீட்டர் வைத்தாலே தாராளம். எட்டு டிகிரி தவறினால் ஒரு லேசர் பக்கத்து லேசரின் இடத்தில் போய் நிற்கும், இரண்டு பேரின் தகவலும் கெடும். அதனால் சிப்புக்கு அடியில் குளிர்விக்கும் தட்டு, ஒவ்வொரு லேசருக்கும் பக்கத்தில் நிறத்தைத் திருத்தும் நுண்சூடேற்றி. பக்கத்து லேசரின் சூடும் இதைப் பாதிக்கும் என்பதால், பத்தும் சேர்ந்து எரியும்போதுதான் திருத்த வேண்டும். விழுப்புரத்து மே மாதத்தில் தொலைத்தொடர்பு எந்திர அறையின் ஏசி நின்றால் பொறியாளர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தரவு மையங்களுக்குள் நடந்தது வேறொரு கிளைக்கதை. டோக்கியோவில் கெனிச்சி இகா 1977-ல் யோசித்த, சிப்பின் மேற்பரப்பிலிருந்து நேர்மேலே ஒளி வீசும் லேசரைத்தான் அங்கே பன்னிரண்டு பன்னிரண்டாக வரிசை வைத்து, பன்னிரண்டு இழைகளுக்கு ஒளி கொடுக்கிறார்கள். தூரம் நூறு மீட்டர் அளவுதான் என்பதால் நிறத்தைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை.

இப்போது எல்லோரும் சிலிக்கான் சிப்பிலேயே ஒளியை ஓட்டப் பார்க்கிறார்கள். சென்னை ஐஐடியில் மத்திய மின்னணு அமைச்சகத்தின் உதவியோடு அதற்கென்றே ஒரு மையம் நடக்கிறது. ஆனால் சிலிக்கான் ஒளியைக் கடத்தும், வளைக்கும், பிரிக்கும். தானாக லேசர் ஒளி தராது, அதன் அணு அமைப்பு அப்படி. ஆகவே சிலிக்கான் சிப்புக்கும் விளக்கேற்ற இண்டியம் பாஸ்பைடு லேசர்தான் வந்தாக வேண்டும். நாம் கேபிள் இழுக்கிறோம், கருவிப் பெட்டி செய்கிறோம், மென்பொருள் எழுதுகிறோம். உள்ளே எரியும் லேசர் சிப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. டிராம்பேயில் அத்தனை சீக்கிரம் தொடங்கிய ஒரு நாட்டுக்கு இது தகாது.

2021-ல் மத்திய அரசு அறிவித்த குறைகடத்தித் திட்டத்தில் சிலிக்கானுக்கு மட்டுமல்ல, கூட்டுக் குறைகடத்திகளுக்கும் ஒளிச் சிப்புகளுக்கும் மானியம் உண்டு. பணம் ஒதுக்கினால் கட்டடம் எழும்பும். படிகம் வளர்க்கத் தெரிந்த கைகள் வேண்டுமே. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. பொம்மையார்பாளையத்துக்குச் சற்று வடக்கே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இயற்பியலும் வேதியியலும் மின்னணுவியலும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிப் என்றால் வடிவமைப்பும் கோடிங்கும் மட்டுமே என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். ஆர்சனிக்கையும் பாஸ்பரஸையும் வாயுவாக்கி, அணு அடுக்கு அடுக்காகப் படிகம் வளர்க்கும் தொழில் ஒன்று இருக்கிறது, அதற்கு ஆள் போதவில்லை என்று சொல்லுங்கள். ஆசிரியர்களே, கல்லூரி ஆய்வகத்துக்கு ஒரு ஸ்ப்ளைசிங் மெஷினும் நான்கு லேசர் டயோடும் ஒரு நிறமாலைமானியும் வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே கேளுங்கள்.